மூன்றாவது நாற்காலி

"அந்த நாற்காலி யாருக்கு ஆன்ட்டி? யாருமே உட்காரலையே?"

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் கேட்ட கேள்வி இது. மாமல்லபுரத்தைத் தாண்டிய கடற்கரைச் சாலை விடுதியின் சாப்பாட்டுக் கூடம். குழந்தையின் கையில் பாதி கடித்த ரொட்டி, வாயோரமெல்லாம் ஜாம். சுவரில் இருந்த பெரிய படத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டது.

சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை பக்கத்தில் இருப்பதால், விடுதி முதலாளி கூடம் முழுக்க டச்சுக்காரர்களின் பழைய ஓவியங்களை அச்சடித்து மாட்டியிருந்தார். அதில் பெரியது இந்தப் படம். ஜன்னல் வெளிச்சம் விழுகிற ஓர் அறை. ஆர்மோனியத்தின் அக்காவைப் போல ஒரு பெரிய பெட்டி வாத்தியம். அதன் முன்னால் ஒரு பெண். பக்கத்தில் கையில் கண்ணாடிக் கோப்பையோடு ஓர் ஆண். தரையில் எடுத்து வாசிப்பாரில்லாமல் கிடக்கிற ஒரு பெரிய பிடில். இவர்களுக்கு நடுவில், சிவப்பு மெத்தை வைத்த ஒரு காலி நாற்காலி.

விருந்தினர்களைக் கவனிப்பது ஷாரோனின் வேலை. படத்துக்குக் கதை சொல்வதும் அதில் சேர்த்திதான்.

"அந்தக் காலத்துல அந்த ஊர்ல ஒரு ஆணும் பெண்ணும் தனியா உட்கார்ந்து பேச வழி கிடையாது. பாட்டு வகுப்புன்னா மட்டும் உட்காரலாம். அதனால டச்சுப் படத்துல பாட்டு வகுப்பைப் பார்த்தீங்கன்னா, அது பாட்டு இல்ல, காதல்!"

இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். ஒருதடவைகூடத் தவறியதில்லை.

குழந்தையிடம் அதைச் சொல்ல முடியுமா? "வர வேண்டியவங்களுக்குப் போட்டிருக்கும்மா" என்றாள்.

"அவங்க ஏன் இன்னும் வரல?"

ஷாரோன் சிரித்தாள். குழந்தையின் அம்மா வாயைத் துடைத்து அழைத்துப் போய்விட்டாள். அன்றோடு அது மறந்தும் போயிற்று.

ரூத் டீச்சர் வீட்டில் போய் நின்று ஷாரோன் பேசிய பேச்சைக் கேட்டால் அவள்மேல் கோபப்படுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அவளுக்கே அவள்மேல் இருக்கும் கோபத்துக்கு முன்னால் நம்முடையது ஒன்றுமே இல்லை.

செங்கல்பட்டில் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ஷாரோனின் அப்பா கிருபாகரன். மனைவி மேரி நெடுநாள் படுக்கையில் கிடந்து, போன வருடம் கர்த்தருக்குள் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் மனிதர் சிரிப்பதையே விட்டுவிட்டார். சபையில் கீபோர்டு வாசிக்கிற ரூத் டீச்சரிடம் போய், மேரி வேலை செய்துகொண்டே முணுமுணுக்கிற ஒரு கீர்த்தனையைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லிக் கேட்டார். கல்யாணமே செய்துகொள்ளாமல் காலம் கழித்தவர் டீச்சர். ஐம்பதைத் தாண்டியவர். வியாழக்கிழமை தோறும் சாயங்காலம் வரச் சொன்னார்.

"மெதுவா கண்டக்டர், மெதுவா! டிக்கெட்டா கிழிக்கறீங்க?" என்று டீச்சர் சொல்வாராம். வீட்டுக்கு வந்ததும் இவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்புதான் ஷாரோனைக் குத்தியது. அவளுக்கு முப்பத்திரண்டு ஆகிறது. வந்த வரன்களெல்லாம் அம்மாவின் படுக்கையைப் பார்த்துவிட்டு, பிறகு சொல்கிறோம் என்று போனவர்கள்தான். அம்மாவும் போய்விட்டாள். மிச்சமிருப்பது அப்பா ஒருவர். அவரும் சிரிப்பைக் கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைத்துவிட்டாரே!

ஊரப்பாக்கத்திலிருந்து அண்ணன் பூபாலன் போன் செய்து, "ஊர்ல ஒரு மாதிரி பேசிக்கறாங்க ஷாரு" என்று சொன்னதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. வேலையிலிருந்து நேரே டீச்சர் வீட்டுக்குப் போனாள். கதவு அகலத் திறந்து கிடந்தது. கீபோர்டின் முன்னால் டீச்சர். பக்கத்தில் கையில் மோர் டம்ளரோடு அப்பா. இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நூறு பேருக்கு அந்தப் படத்தின் கதை சொன்னவளுக்கு விளக்கம் வேறு வேண்டுமா?

வாசலருகே போட்டிருந்த ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "பாட்டு கத்துக் குடுக்கறீங்களா டீச்சர், இல்ல எங்க நைனாவைப் புடிக்கறீங்களா? எங்கம்மா கல்லறைல சிமென்ட்டு கூட இன்னும் காயல!" என்று கேட்டுவிட்டாள்.

டீச்சர் கீபோர்டின் மேல் துணியை இழுத்து மூடினார்.

அடுத்த வியாழக்கிழமை கிருபாகரன் பாடத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்த வியாழக்கிழமையும் போகவில்லை. அந்த இரண்டாவது வியாழக்கிழமை மத்தியானம்தான் ரூத் டீச்சர் வாதம் அடித்துக் கட்டிலோரம் விழுந்தார். மறுநாள் காலை பால் பாக்கெட் எடுக்கப்படாமல் இருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு சகுந்தலா கதவைத் தள்ளுகிறவரைக்கும் அவர் அங்கேயே கிடந்தார்.

இதோ, இன்றைய நாள்.

காலையில் கிருபாகரன் அடுப்படியில் நின்று, தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தார். பொழுது விடிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார். மகளோடு சண்டை இல்லை. பேச்சும் அதிகமில்லை.

"நைனா, இட்லி கீது. துன்னுட்டுப் போ."

"வந்து துன்றேன்."

"நேத்தும் இதான் சொன்ன."

"நேத்தும் வந்து துன்னேன்ல?"

"ராத்திரிக்கு வந்து துன்ன."

அவர் வாளியை மூடி, மூடியை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார்.

"நைனா, அவங்க எப்டி..."

"அப்டியேதான் கீறாங்க. வலது கையி வராதுன்னு பெரிய டாக்டரு சொல்லிட்டாரு. பேச்சு வந்தாலும் வரலாமாம்." செருப்பை மாட்டிக்கொண்டார். "நாளைக்குக் காலைல அவங்க அண்ணன் சாலமோன் கோயம்புத்தூர்லருந்து வண்டியோட வராரு. வூட்ட காலி பண்ணிட்டு, அவங்களயும் இட்டுகினு போறாராம்."

"டீச்சருக்குப் போக இஷ்டமா?"

"பேச்சு வராதவங்களை யாரு கேக்கறாங்க?"

அவர் போனபின் வீடு ஓவென்று கிடந்தது. பூபாலன் போன் செய்தான்.

"இன்னா ஷாரு, நைனா இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போய்கினுதான் கீறாரா?"

"போய்கினுதான் கீறாரு."

"நீ கொஞ்சம் சொல்லக் கூடாது? பேஜாரா கீது எனுக்கு."

"நீ வந்து சொல்லேன் அண்ணாத்த. ஊரப்பாக்கம் இன்னா அமெரிக்காலயா கீது? ட்ரெய்ன் ஏறினா வந்துடப்போற."

"லீவு கெடைக்கலடி."

"அம்மா படுத்துகினு இருந்தப்பவும் உனுக்கு லீவு கெடைக்கல" என்று சொல்லிப் போனை வைத்தாள். சொன்ன பிறகு, அவனுக்கும் வலித்திருக்கும் என்று தோன்றியது. ஒரு தடவை சுடச் சுடப் பேசிப் பழகிய நாக்குக்கு அடுத்த தடவை சுலபமாகிவிடுகிறது.

விடுதியில் அன்று கூட்டமில்லை. வெளியே கடல் வெயிலில் கண் கூசியது. சாப்பாட்டுக் கூடத்தில் பெங்களூரிலிருந்து வந்த வயதான தம்பதி மட்டும்தான். அந்த அம்மாள் படத்தைக் காட்டி, "இதுல என்ன நடக்குது?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"அந்தக் காலத்துல, மேடம்..." என்று ஷாரோன் தொடங்கினாள்.

 படத்தைப் பார்த்தாள். இத்தனை வருடம் பார்த்தும் கண்ணில் படாத ஒன்று இன்றைக்குப் பட்டது. படத்தின் ஓரத்தில், இருட்டுக்குள், அந்த அறையின் கதவு திறந்திருந்தது.

"தெரியல மேடம்" என்றாள். "கதவு திறந்துதான் இருக்கு. பாட்டு கத்துக்கறாங்கன்னு நெனக்கறேன்."

மேனேஜர் பாலசுப்ரமணியன் கல்லாவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் வந்ததும், "இன்னாம்மா, காதல் கதைய எடுத்துட்டியா? அதக் கேட்டுட்டுதான ரெண்டாவது ஐஸ்க்ரீம் சொல்லுவாங்க?" என்று சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "வூட்ல எதனா பிரச்சினையா?"

"தெரிஞ்சவங்க ஆஸ்பத்திரில கீறாங்க சார்."

"போய்ப் பாத்தியா?"

"இன்னும் இல்ல."

அவர் மேற்கொண்டு தோண்டவில்லை. "மத்தியானத்துக்கு மேல நீ போ, நான் பாத்துக்கறேன். அப்டியே கிச்சன்ல ரசஞ்சோறு கட்டித் தரச் சொல்லு. நோயாளிக்கு இல்ல. கூட உக்காந்துகினு இருக்கறவங்கதான் ஆஸ்பத்திரில பட்டினி கெடப்பாங்க."

இப்படி ஒரு வார்த்தையைப் பெரிய மனிதர்களெல்லாம் சொல்வதில்லை. தாமே என்றைக்கோ ஆஸ்பத்திரி வராந்தாவில் பட்டினி கிடந்தவர்கள்தான் சொல்வார்கள்.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் பஸ். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தவர் அவளை உற்றுப் பார்த்தார்.

"கிருபா அண்ணாத்த பொண்ணுதான நீ?"

"ஆமாங்க."

"அண்ணாத்த பாட்டு கத்துக்கறாராம்ல! டிப்போவுக்கு வந்தாருன்னா எங்க டேபிள் மேல ரெண்டு கையும் வெச்சு தட்டிக்கினே கீறாரு. நாங்க எல்லாரும் ஓட்டுவோம், 'அண்ணாத்த, அடுத்த ஸ்டாப்பு ஆல் இண்டியா ரேடியோவா'ன்னு." அவர் சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்கம்மா போனப்புறம் மனுசன் நடபொணமா இருந்தாரும்மா. இப்பத்தான் சிரிக்கறாரு. அதப் பாத்துட்டு ஊரே பேசிக்குது."

ஊரே பேசிக்கொள்வது இதைத்தானா?

ஷாரோன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மடியில் ரசஞ்சோற்றுப் பொட்டலம் சூடாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டின் கடைசிக் கட்டில். கதவருகிலேயே அவள் நின்றுவிட்டாள்.

டீச்சரின் முகம் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. தலைமுடியை யாரோ வாரி, கோணலாகப் பின்னியிருந்தார்கள். அப்பாதான் பின்னியிருக்க வேண்டும். ஷாரோன் பள்ளிக்கூடம் போன காலத்தில், அம்மா ஊரில் இல்லாத நாட்களில், அவளுக்கும் இதே கோணல் சடைதான்.

கிருபாகரன் கட்டிலோரம் நின்று குனிந்திருந்தார். அவருடைய வலது கை விரிப்பின் மேல் மெல்ல நடந்துகொண்டிருந்தது. விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழுந்தின, எழுந்தன. சத்தமே இல்லை. ஆனால் அந்த நடையை ஷாரோன் அறிவாள். அரிசி களைகிறபோதும் துணி மடிக்கிறபோதும் அம்மாவின் வாயில் வந்த கீர்த்தனை அது.

அவருக்கு அவ்வளவுதான் தெரியும். வலது கைக்கு ராகத்தைச் சொல்லிக்கொடுத்து முடித்து, இடது கைக்கு வருவதற்குள்தான் பாடம் நின்றுபோயிருந்தது.

டீச்சருக்கோ இருப்பது இடது கை மட்டும்.

அந்த இடது கையின் விரல்களும் அசைந்தன. அப்பா ராகத்தைக் கொண்டுபோகப் போக, டீச்சர் அதற்குக் கீழே, விரிப்பின் மடிப்புகளில், நிறுத்தி நிறுத்தி அழுத்தினார். இரண்டு பேரிடமும் சேர்த்து ஒரு பாட்டுக்கான கைகள் இருந்தன.

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். டீச்சரின் கண்கள் கதவுப் பக்கம் திரும்பின. ஷாரோனைப் பார்த்துவிட்டார்.

திட்டட்டும், முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும் என்று அவள் நின்றாள். டீச்சரின் இடது கை விரிப்பைவிட்டு மெதுவாக எழுந்தது. கட்டிலை ஒட்டிக் கிடந்த இரும்பு ஸ்டூலின் மேல் இரண்டு தட்டுத் தட்டியது.

உட்கார் என்று.

ஷாரோன் சோற்றுப் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு வெளியே ஓடினாள்.

ஆஸ்பத்திரி வளாகத்துப் புங்கமரத்தடியில் கிருபாகரன் அவளைக் கண்டுபிடித்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். 

"வியாழக்கெழம நீ போயிருந்தா நைனா..." என்று அவள் சொன்னாள்.

இல்லை என்று சொல்லித் தேற்றுவார் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. அவருக்குப் பொய் வராது.

"ஆமா. போயிருந்தா சாயங்காலமே பாத்திருப்பேன். சீக்கிரம் இட்டுகினு வந்திருந்தா கையி தப்பிச்சிருக்கலாம்னுதான் சொல்றாங்க."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஆனா போவாதது நானு. நீயா என் கால கட்டிப் போட்ட? பொண்ணு பேசிட்டாளேன்னு ரோஷத்துல வூட்லயே உக்காந்துகினேன். அவங்க எப்டி கீறாங்கன்னு ஒரு போன் பண்ணிருக்கலாம். பண்ணல. அந்தப் பங்கு என்னுது. அத நீ எடுத்துக்காத."

"அவங்களுக்கு எம்மேல கோவமே இல்லியா? இன்னாத்துக்கு என்ன உக்காரச் சொல்றாங்க?"

கிருபாகரன் தரையில் கிடந்த ஒரு புங்கங்காயை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

"அன்னிக்கு நீ ஒரு நாற்காலியப் புடிச்சிகினு நின்ன, ஞாபகம் கீதா?"

"ம்."

"பாடம் படிக்கறது ரெண்டு பேரு. எதுக்கு மூணு நாற்காலின்னு மொத நாளே நான் கேட்டேன். 'உங்க பொண்ணு வந்தா உக்காரணும்ல கண்டக்டர்'ன்னாங்க. வாராவாரம் அத தொடச்சிப் போடுவாங்க. 'இன்னைக்கும் வரலியா'ன்னு கேப்பாங்க. நான்தான் உன்கிட்ட சொல்லல. நீ வரமாட்டன்னு தெரியும்."

ஷாரோன் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொண்ணும் கீது. சொல்லிடறேன்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "டீச்சர்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு எனுக்கு இருந்துச்சி. இந்த வயசுல இன்னா கேப்பாங்களோ, அதுதான். நீ ஒண்ணும் தப்பாப் பாக்கல. ஒருநா வாயத் தொறந்தேன். உடனே கையக் காட்டி நிறுத்திட்டாங்க. 'அந்த நாற்காலில உங்க பொண்ணு வந்து உக்காரட்டும் கண்டக்டர். அவ காதுல விழுற மாரி பேசுங்க. இல்லன்னா பேசாதீங்க'ன்னாங்க."

வந்து உட்கார வேண்டியவள்தான் அன்று அதைப் பிடித்துக்கொண்டு நின்று அத்தனையும் பேசியிருக்கிறாள்.

"நைனா, போதும்."

"இன்னும் கீதும்மா. அவங்க சொல்லவே கூடாதுன்னாங்க. இப்போ அவங்களாலயும் சொல்ல முடியாது. ஒருத்தருக்காவது தெரியணும்ல?" அவர் குரல் இறங்கிவிட்டது. "உங்கம்மா இதே ஆஸ்பத்திரில கடைசியா கெடந்தாளே. விரிப்பு, துணி எல்லாம் நாளைக்கு எத்தினி தடவ வீணாவும். நீ வேலைலருந்து வரும்போது அம்மா எப்பவும் சுத்தமா வெள்ளையா இருப்பா. யாரு தொவச்சாங்கன்னு நெனச்ச?"

"வார்டு ஆயாம்மா. அதான் கிறிஸ்மஸுக்கு அவங்களுக்குப் பொடவ எடுத்துக் குடுத்தேனே. வேணாம் வேணாம்னாங்க, நான்தான் கையில திணிச்சேன்."

"அவங்க தொவைக்கல. அதனாலதான் வேணான்னாங்க. மொத நாள் நான் கொழாயடிக்கு எடுத்துகினு போனேன். என்னால முடியல. கொமட்டிகினு வந்து அழுதுட்டேன். டீச்சர் ஜெபம் பண்ண வந்தவங்க, என் கையிலருந்து பக்கெட்ட வாங்கிகினாங்க. அதுக்கப்புறம் தெனமும் மஞ்சப்பைல போட்டு வூட்டுக்கு எடுத்துகினு போயி தொவச்சிக் காயவெச்சி எடுத்துகினு வருவாங்க. 'ஷாரோனுக்குத் தெரிய வேணாம். பாவம், வெக்கப்படுவா'ன்னு சொல்லிட்டாங்க."

மரத்தில் ஒரு காக்கை கத்திவிட்டுப் பறந்தது.

கிருபாகரன் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். "டீச்சருக்கு மாத்துத் துணி வேணும். ரெண்டு நைட்டி எடுத்துகினு வா. சகுந்தலாம்மா கல்யாணத்துக்குப் போயிருக்காங்க, யாரும் இல்ல. நான் போவலாம்னா, பொம்பளங்க அலமாரிய நான் எப்டித் தொறக்கறது?"

"நாளைக்கு அவங்க அண்ணன் வராரே. நீ கேக்கப் போறியா நைனா?"

"இன்னான்னு கேப்பேன்? தலையாட்டக் கூட அவங்களால சரியா முடியல." அவர் எழுந்தார். "ரசம் ஆறிடும். போயி ரெண்டு வாய் துன்னுட்டு வந்து அவங்ககிட்ட நிக்கறேன். நீ போய்ட்டு வா."

சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற சின்ன வாடகை வீடு, டீச்சருடையது. கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது.

முன்னறையில் கீபோர்டு துணி மூடிக் கிடந்தது. அதன் முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசலருகே, வெளிச்சம் விழுகிற இடத்தில், மூன்றாவது. அது மட்டும் பிரம்பு நாற்காலி. மேலே கையால் பூப்போட்டுத் தைத்த ஒரு மெத்தை. அவள் அதை நேராகப் பார்க்காமல் உள்ளே போனாள்.

நாற்றம் குளியலறையிலிருந்து வந்தது. டீச்சரைத் தூக்கிப் போனவர்கள், அவர் விழுந்தபோது சேர்ந்து சரிந்த விரிப்பையும் கட்டியிருந்த புடவையையும் சுருட்டி ஒரு பக்கெட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. உயிரைப் பார்ப்பார்களா, துணியைப் பார்ப்பார்களா? அரைப் பகலும் ஓர் இரவும் ஒரு மனுஷி எழுந்திருக்க முடியாமல் கிடந்ததன் சாட்சி அந்தப் பக்கெட்டில் இருந்தது.

நாளைக் காலையில் சாலமோன் வருவார். வண்டி ஆட்கள் வருவார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

ஷாரோன் கைப்பையை ஆணியில் மாட்டினாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். குழாயைத் திறந்தாள்.

முதல் தண்ணீரில் அவளுக்கும் குமட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவால் முடியாததை, ரத்த சம்பந்தமில்லாத ஒருத்தி தினந்தோறும் செய்திருக்கிறாள். 'ஆண்டவரே, என் கைக்குப் பலம் கொடும்' என்று மட்டும் சொல்லிக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து, சோப்புக் கட்டியை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். கறை லேசில் போகவில்லை. அலசினாள், தேய்த்தாள், மறுபடி அலசினாள். எப்போது அழத் தொடங்கினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கை மட்டும் நிற்கவில்லை. பாதியில் ஏதோ முணுமுணுப்பு கேட்டுத் திடுக்கிட்டாள். அது அவள் குரல்தான். அம்மாவின் கீர்த்தனை.

மொட்டை மாடியில் கொளவாய் ஏரிக் காற்று பலமாக வீசியது. விரிப்பையும் புடவையையும் உதறிக் கொடியில் போட்டாள். கீழே வந்து தரையைக் கழுவித் துடைத்தாள். பக்கெட்டைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். ஜன்னல்களைத் திறந்து விட்டாள்.

துணி காய வேண்டுமே. எங்கே உட்காருவது?

பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அங்கிருந்து பார்த்தால் கீபோர்டு தெரிந்தது, இரண்டு நாற்காலிகள் தெரிந்தன, திறந்த கதவு வழியே தெரு முழுக்கத் தெரிந்தது. மறைக்க எதுவுமில்லாத ஓர் அறை. பேச வேண்டிய இருவரும் இல்லை. கேட்க வேண்டியவள் மட்டும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

'அவங்க ஏன் இன்னும் வரல?' என்று ஜாம் அப்பிய வாயோடு அந்தக் குழந்தை மறுபடியும் கேட்பதுபோல் இருந்தது.

வெயில் சாய்ந்ததும் மாடிக்குப் போனாள். வெயிலின் மணத்தோடு துணிகள் காய்ந்திருந்தன. விரிப்பை ஓரம் சேர்த்து மடித்து, அலமாரியில் மற்ற விரிப்புகளுக்கு அடியில் வைத்தாள். புடவையையும் அப்படியே. இனி யார் வந்து திறந்தாலும், ஒழுங்கான ஒரு பெண் தன் வீட்டை ஒழுங்காக விட்டுப் போயிருப்பதாகத்தான் தெரியும்.

இரண்டு நைட்டிகளை எடுத்துப் பையில் வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, பிரம்பு நாற்காலியின் மேலிருந்த பூப்போட்ட மெத்தையையும் எடுத்து நைட்டிகளோடு திணித்துக்கொண்டாள். அந்த இரும்பு ஸ்டூல் வெறுமனே உட்காரக் குளிரும்.

கதவைப் பூட்டினாள். தெருவில் யாருமில்லை. கைகளில் மட்டும் சோப்பு வாசனை இருந்தது. அப்பாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று, ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் அதையும் துப்பட்டாவில் அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.